ஆறு சக்கரத்துக்கும் ஒரே வழி: எம்35ஏ2 ராணுவ லாரியின் பிரேக்கைப் புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் எங்கள் வீட்டுப் பின்புறம் லேசான சரிவு. ஏலத்தில் எடுத்த எம்35ஏ2 லாரியை அங்கே ஆள் நடக்கிற வேகத்தில் நகர்த்திக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. இரண்டாம் முறை மிதித்தபோது பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரை வரை போய்விட்டது. ஏறக்குறைய ஆறு டன் எடை. முதல் கியரில் இருந்ததால் என்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்ததும் நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தால், முன்பக்க இடது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, ஊதா நிற பிரேக் ஆயில் டயர் மேல் வழிந்துகொண்டிருந்தது. கெட்டுப்போனது ஒரு சாண் ஹோஸ். அதோடு போனது ஆறு சக்கரத்தின் பிரேக்கும்.

இந்த லாரி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 1950ல் ரியோ நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக இந்த வரிசையைத் தொடங்கியது. பிறகு கைசர் ஜீப்பும் ஏஎம் ஜெனரலும் செய்தன. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் 'டூஸ் அண்ட் எ ஹாஃப்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. வியட்நாம் போர் முழுக்க ஓடிய வண்டி இது. என்ஜின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் தலைமுறை தாண்டி உழைக்கும். ஆனால் பிரேக்கில் மட்டும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து ஒரே ஆயில் வழி. அமெரிக்காவில் 1968 முதல் பயணிகள் கார்களுக்கு இரண்டு தனி வழிகள் கட்டாயமாகிவிட்டன. இந்த லாரி அதற்கு முந்தைய காலத்து வடிவம். எங்கே ஒழுகினாலும் மொத்தமும் போகும்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த வண்டியில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள். ஒரு ஹோஸ் ஐம்பது வயதில் வெடித்தது என்றால், அதன் கூடப் பிறந்த மற்ற ஹோஸ்களுக்கும் அதே வயதுதான். பெடலில் தொடங்கி கடைசிச் சக்கரம் வரை எல்லாவற்றையும் ஒரே சுற்றில் புதுப்பிக்க வேண்டும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் நேராகச் சக்கரத்துக்குப் போகாமல், சேசிஸில் மாட்டியிருக்கும் ஏர் பேக் (Air-Pak; விபத்தில் விரியும் காற்றுப் பை அல்ல) என்ற உருளைக்குள் நுழைகிறது. அங்கே ஆயில் அழுத்தம் ஒரு வால்வைத் திறக்கிறது. டாங்கியில் இருக்கும் காற்று உள்ளே பாய்ந்து பெரிய பிஸ்டன் ஒன்றைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் இன்னொரு சிறிய ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது. அதிலிருந்து கிளம்பும் அழுத்தம்தான் ஆறு சக்கரங்களுக்கும் போகிறது. காலின் பலத்தைக் காற்று பல மடங்கு ஆக்கிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வீல் சிலிண்டர், அதில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள். அவை இரண்டு ஷூக்களை, அதாவது உராயும் லைனிங் ஒட்டிய வளைந்த தகடுகளை, விரித்துச் சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் அழுத்துகின்றன.

காற்று தீர்ந்துபோனாலும் ஆயில் ஏர் பேக்கைக் கடந்து சக்கரத்துக்குப் போகும். பிரேக் பிடிக்கும், ஆனால் இரண்டு காலையும் சேர்த்து மிதிக்க வேண்டியிருக்கும். ஆயில் தீர்ந்தால் எவ்வளவு காற்று இருந்தும் பயனில்லை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கை பிரேக் இதில் எதோடும் சேராதது. என்ஜின் பலத்தை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஒரு தனி டிரம், அதைப் பிடிக்கும் ஒரு கேபிள், அவ்வளவுதான்.

பாகம் வாங்கும் முன்

ராணுவக் கையேடு இல்லாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். இந்த லாரிக்கு டிஎம் 9-2320-361 என்ற வரிசை. அதில் 20 என்று முடியும் பகுதிதான் பட்டறை வேலைக்கானது. இறுக்க அளவுகள், பேரிங் சரிசெய்யும் முறை, ஆயில் வழிக்குள் சிக்கிய காற்றை எடுக்கும் வரிசை எல்லாம் படத்தோடு இருக்கும். நான் இங்கே எழுதுவது அதற்குத் துணை மட்டுமே. அளவில் எங்காவது முரண்பட்டால் கையேடு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் லாரிக்கு அடியில் படுத்து எல்லா ஹோஸ்களையும் எண்ணி, நீளமும் முனை மரையும் அளந்து எழுதுங்கள். பல கைகள் மாறி வந்த வண்டிகள் இவை. முன்பு வைத்திருந்தவர் எதை எங்கே மாற்றினார் என்பது பட்டியலில் இருக்காது.

சாதாரணக் கருவிகளோடு சில சிறப்புக் கருவிகளும் வேண்டும். ஹப் நட்டுக்கு 3 அங்குல அகலமுள்ள பெரிய சாக்கெட். சக்கர நட்டுக்கு ஒன்றரை அங்குலம். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருக்கும் நட்டுக்கு 13/16 அங்குலச் சதுரச் சாக்கெட். நீளமான கம்பி ஒன்று, கூடவே முக்கால் அங்குல டிரைவ். அரை அங்குல டிரைவை வைத்து நான் முயன்று ஒரு கைப்பிடியை முறித்ததுதான் மிச்சம்.

முதல் படி: வண்டியை அசையாமல் நிறுத்துவது

சமமான கான்கிரீட் தளம் வேண்டும். மண்ணில் ஜாக்கி போடாதீர்கள். வேலை செய்யாத சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். கை பிரேக்கை நம்பிக் கட்டை போடாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. கை பிரேக் பிடிப்பது டிரைவ் ஷாஃப்டை. ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்றுகொடுக்கும். அந்த அச்சில் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு அதன் பிறகு எந்தப் பிடிமானமும் இல்லை.

ஜாக்கியில் தூக்கி, எடைக்கு ஏற்ற ஸ்டாண்டு வைத்து, அதன் பிறகும் சேசிஸ் அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு அச்சு போதும்.

நட்டுகளில் ஒரு விஷயம். ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். போல்ட்டின் முனையில் எல், ஆர் என்ற எழுத்துகள் அடித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பலம் கொடுங்கள். இறுகிப்போன நட்டு என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுத்து போல்ட்டை முறித்தவர்கள் நிறையப் பேர். சக்கரத்தின் விளிம்பில் தனியாக ஒரு வளையம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். காற்றுள்ள டயரில் அந்த வளையம் தெறித்தால் உயிர் போகும்.

இரண்டாம் படி: டிரம்மை இறக்குவது

டிரம் ஹப்போடு சேர்ந்தே வரும். ஆகவே பின் அச்சுகளில் அச்சுத் தண்டின் முகப்பு போல்ட்டுகளைக் கழற்றி, தண்டை வெளியே இழுக்க வேண்டும்; முன் அச்சில் முகப்பை மட்டும் கழற்ற வேண்டும். கியர் ஆயில் கொஞ்சம் வழியும், கீழே தட்டு வையுங்கள். பிறகு வெளி நட்டு, மடக்கிய பூட்டு வாஷர், உள் நட்டு. அதற்கும் முன்னால், ஷூ சரிசெய்யும் கேம்களை (திருப்பினால் ஷூவை நகர்த்தும் துண்டுகள்) தளர்த்தி விடுங்கள். தேய்ந்த டிரம்மின் உள் விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும், ஷூ அதில் மாட்டிக்கொண்டால் வெளியே வராது.

ஹப்பும் டிரம்மும் சேர்ந்து நூறு பவுண்டுக்கு மேல். வயிற்றில் அணைத்துத் தூக்கி வீரம் காட்டாதீர்கள். டிரம்மின் அடியில் ஒரு தகரத் தகட்டைப் போட்டு, அதன் மேல் கிரீஸ் தடவி, டிரம் அதில் லேசாக உட்காரும்படி அச்சின் உயரத்தை ஜாக்கியால் சரிசெய்யுங்கள். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். திரும்ப மாட்டும்போதும் இதே வழிதான். பேரிங்கும் ஆயில் சீலும் அடிபடாமல் தப்புவது இதனால்தான்.

திறந்ததும் உள்ளே கறுப்புத் தூசி படிந்திருக்கும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். முகமூடி போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: டிரம், ஷூ, சீல்

லைனிங் எங்கே நனைந்திருக்கிறது, எதனால் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் அது கியர் ஆயில், ஹப்பின் சீல் போய்விட்டது. இந்த லாரிகளில் மிகச் சாதாரணமாக வரும் கோளாறு. ஊதா நிறத்தில் மெல்லியதாக இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. எதுவானாலும் ஊறிய லைனிங்கைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடலாம் என்று நினைக்காதீர்கள். சூடு ஏறியதும் உள்ளே ஊறியது வெளியே கசியும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புது லைனிங் போடுங்கள்.

டிரம்மில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள் இருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு அச்சின் இரண்டு டிரம்களையும் ஒரே அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். வெளிவிளிம்பு வரை ஓடும் விரிசல் இருந்தால் அந்த டிரம்மைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சீல்களை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். பேரிங்கைக் கழுவி, ரோலர்களில் நிறம் மாறிய இடமோ பள்ளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் புது கிரீஸ் அடையுங்கள். மாட்டும்போது உள் நட்டை ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கையேடு சொல்லும் அளவுக்குப் பின்வாங்கி, வாஷரை மடக்கி, வெளி நட்டைப் பூட்டுங்கள். சுழற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் சரியாக உட்காராமல் நட்டு மட்டும் இறுகியதாகக் காட்டும்.

நான்காம் படி: வீல் சிலிண்டர்

என் லாரியில் முதல் சிலிண்டரைப் பிரித்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். ரப்பர் மூடியை நெம்பியதும் பழுப்பு நிறத்தில், வெல்லப்பாகு ஆறியது போல ஒரு கூழ் எட்டிப்பார்த்தது. ஒரு பக்கப் பிஸ்டன் கையோடு வந்தது. இன்னொரு பக்கம் சிமென்ட் வைத்துப் பூசியது போல அசையவில்லை. அதாவது இத்தனை நாளும் அந்தச் சக்கரத்தில் ஒரு ஷூதான் வேலை செய்திருக்கிறது. சிலிண்டரின் கீழ்ப்பாதியில், தண்ணீர் தேங்கி நின்ற உயரம் வரை துருப் பள்ளங்கள் வரிசையாக இருந்தன. மேல்பாதி கண்ணாடி போல மின்னியது. சிலிகான் ஆயிலில் தண்ணீர் கலக்காது, அடியில் போய்த் தேங்கும் என்று படித்திருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

லேசான கறை மட்டும் இருந்தால் ஹோன் கருவியால் மெருகேற்றிப் புது ரப்பர் கப் போடலாம். நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உட்புறத்தைப் பெரிதாக்கினால் கப் ஓரத்தில் ஒழுகும். ஆறையும் புதிதாக வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. மொத்தச் செலவில் அது பெரிய பங்கு இல்லை.

கழுவுவதற்கு ஸ்பிரிட் அல்லது பிரேக் கிளீனர் மட்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கிட்ட வரக்கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும். கப்பை மாட்டும்போது தடவ வேண்டியதும் கிரீஸ் அல்ல, நீங்கள் ஊற்றப்போகும் அதே பிரேக் ஆயில்தான்.

ஐந்தாம் படி: ஹோஸும் பைப்பும்

ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெளியே வெடிப்பு இல்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். என் லாரியின் பின் அச்சுக்குப் போகும் ஹோஸ் அப்படித்தான் இருந்தது. கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள் ரப்பர் மடிந்து நாக்கு போலத் தொங்கியது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி. மிதிக்கும்போது அழுத்தம் அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலை எடுத்தால் ஆயில் திரும்பி வர நாக்கு விடாது. ஷூ டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு அச்சின் இரண்டு சக்கரமும் சேர்ந்து சூடாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த அச்சுக்குப் போகும் ஹோஸைத்தான்.

இரும்புப் பைப்புகளில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களைக் கழற்றிப் பாருங்கள். மண்ணும் ஈரமும் தங்கி, அங்கேதான் அரித்திருக்கும். மாற்றுவதற்குச் செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் நல்லது. கையாலேயே வளைக்கலாம், துருப்பிடிக்காது. வெறும் செம்புப் பைப் கூடாது, அதிர்வில் நாளடைவில் விறைத்து வெடித்துவிடும். முனைகளுக்கு இரட்டை மடிப்பு ஃபிளேர் போட வேண்டும், அதாவது பைப்பின் வாயை விரித்து உள்ளே மடிக்க வேண்டும். நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டு ஃபிளேர் போடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரஷன் இணைப்பை பிரேக் வழியில் எங்கேயும் போடாதீர்கள். பழைய பைப்பை எறியாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் வளைவைப் பார்த்தே புதியதை வளையுங்கள்.

ஆறாம் படி: மாஸ்டர் சிலிண்டர்

இது ஓட்டுநர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. நிரப்பும் மூடியும் அங்கேதான். கண்ணில் படாத இடம் என்பதால் வருடக்கணக்கில் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வீல் சிலிண்டருக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்று. உள்ளே ஊசிமுனை அளவில் ஒரு சிறு துளை உண்டு. பெடலை விட்டதும் ஆயில் தொட்டிக்குத் திரும்புவது அந்த வழியாகத்தான். மெல்லிய கம்பியால் அடைப்பை எடுத்து, ஸ்பிரிட் பீய்ச்சிப் பாருங்கள். பெடல் தண்டை மாட்டும்போது, பிஸ்டனைத் தொடுவதற்கு முன் பெடலில் விரலால் உணரக்கூடிய சிறு தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் இறுக்கினால் அந்தத் துளையைக் கப் மூடிக்கொள்ளும். வண்டி ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழி இருக்காது, பிரேக் தானாகவே பிடிக்க ஆரம்பிக்கும். எல்லாம் புதிதாகப் போட்டும் பிரேக் விடவில்லை என்று புலம்புபவர்கள் இந்தத் தண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிலிண்டரின் காற்றோட்டக் குழாயையும் ஊதிப் பாருங்கள். தண்ணீருக்குள் இறங்கி ஓடும் வண்டி என்பதால் இதற்குத் தனிக் குழாய் வைத்திருக்கிறார்கள். அது அடைத்திருந்தாலும் கோளாறுதான்.

ஏழாம் படி: ஏர் பேக்

மற்ற எல்லாப் பாகத்தையும் தைரியமாகப் பிரிக்கலாம், இதற்குக் கொஞ்சம் நிதானம் தேவை. முதலில் டாங்கிகளில் உள்ள காற்றை வால்வைத் திறந்து முழுக்க வெளியேற்றுங்கள். மானியில் பூஜ்யம் வரும் வரை எந்த இணைப்பையும் தளர்த்தாதீர்கள்.

கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. தொட்டியில் ஆயில் குறைகிறது, ஆனால் வெளியே எங்குமே ஈரம் இல்லை என்றால் அது ஏர் பேக்கின் காற்றுப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. காற்று வெளியேறும் வழியில் விரலை விட்டுப் பாருங்கள், ஊதா ஈரம் ஒட்டும். பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது காற்று சீறிக்கொண்டே இருந்தால் காற்றுப் பிஸ்டனின் சீலோ வால்வோ போயிருக்கிறது.

புதுப்பிக்கும் கிட் கிடைக்கிறது. உள்ளே பலமான சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், நீளமான போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். பிரிக்கும் முன் உருளையின் மேல் மார்க்கரால் குறுக்கே கோடு போட்டுவிட்டால் திரும்பப் பொருத்தும்போது திசை மாறாது. ஒவ்வொரு பாகத்தையும் எடுத்த வரிசையில் துணியின் மேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருளையின் உட்சுவர் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் புது சீல் போட்டும் பலனில்லை. பழக்கப்பட்டவர் புதுப்பித்ததை வாங்கி மாட்டுவதில் எந்தக் குறைவும் கிடையாது. நான் அதைத்தான் செய்தேன்.

காற்றுப் பக்கத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழ் வரும் இடத்தைச் சரிசெய்யுங்கள். டாங்கிகளின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ அளவுக்குக் கீழே இருக்கும்போது எச்சரிக்கை மணி கத்த வேண்டும். கத்தாவிட்டால் அதையும் சரிசெய்யுங்கள். சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் பதறுகிறது.

எட்டாம் படி: எந்த ஆயில்

அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிகான் பிரேக் ஆயிலுக்கு, அதாவது டாட் 5க்கு மாறியது. ஊதா நிறம். பெயின்டை அரிக்காது, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சாது. மாதக்கணக்கில் நின்றுவிட்டு எப்போதாவது ஓடும் வண்டிக்கு ஏற்றது. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. டாட் 5.1 என்பதும் கிளைகால்தான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டு வகையும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. என் லாரியில் சிலிகான் இருந்த தொட்டியில் யாரோ கிளைகாலை ஊற்றி நிரப்பியிருந்தார்கள். சிலிண்டரில் நான் பார்த்த பழுப்புக் கூழில் அந்தக் கலப்புக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எல்லா ரப்பரும் புதிது, எல்லா பைப்பும் புதிது அல்லது ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காயவைத்தது என்ற நிலையில், எந்த வகையை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்ததைத் தொட்டி மூடிக்குப் பக்கத்தில் பெயின்டால் எழுதிவையுங்கள்.

சிலிகானை ஊற்றும்போது டப்பாவைக் குலுக்காதீர்கள். நுரைத்தால் பொடிக் குமிழ்கள் அடங்க நெடுநேரம் ஆகும். சுவரோரமாக மெல்ல வழியவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஷூ இடைவெளி

காற்று எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஷூ தளர்வாக இருந்தால் பெடல் ஆழமாகப் போகும், அதை உள்ளே காற்று இருப்பதாகத் தப்பாக எடுத்துக்கொள்வோம். புது லைனிங் போட்டிருந்தால் கீழே உள்ள ஆங்கர் பின்களையும் மேலே உள்ள கேம்களையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். டிரம்மில் இருக்கும் ஜன்னல் வழியாக ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பின்னாளில் தேய்மானத்துக்காகச் செய்யும்போது கேம் மட்டும் போதும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே ஷூ உரசும் வரை திருப்பி, உரசல் நீங்கும் வரை பின்வாங்குங்கள். ஒவ்வொரு ஷூவுக்கும் தனியாக.

பத்தாம் படி: காற்று எடுப்பது

டாங்கியில் காற்று இல்லாமல் செய்யுங்கள். முதலில் ஏர் பேக்கில் உள்ள நிப்பிள்கள் (ஆயில் வழிக் காற்றை வெளியே விடத் திறக்கும் சிறு திருகுகள்), பிறகு தூரத்தில் இருக்கும் பின் அச்சின் சக்கரங்கள், அப்புறம் நடு அச்சு, கடைசியில் முன் அச்சு. ஏர் பேக்கை விட்டுவிட்டு நேராகச் சக்கரத்துக்குப் போனால் நாள் முழுக்க மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் மூடிக்குப் பதில் மாட்டும் அழுத்தத் தொட்டி இருந்தால் தனியாளாகவே முடிக்கலாம். என்னிடம் இல்லை. மகள்தான் மேலே உட்கார்ந்து மிதித்தாள்.

"மிதிம்மா."

"மிதிச்சிட்டேன்ப்பா."

"அப்படியே பிடி. விட்டுடாதே."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். பாட்டிலில் முக்கியிருந்த பைப்பில் புளுக் என்று குமிழ்கள் வந்தன.

"கீழ போயிடுச்சுப்பா."

நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். வரிசை மாறினால் வெளியே போன காற்றை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். பெடலை அவசரமாகக் குத்தாமல் நிதானமாக மிதிக்கச் சொல்லுங்கள். நான்கைந்து முறைக்கு ஒரு தடவை தொட்டியில் ஆயில் பாருங்கள். ஒருமுறை தொட்டி காலியானால் மறுபடி முதலிலிருந்து. எங்களுக்கு அது இரண்டு தடவை நடந்தது. சிலிகான் போட்டவர்கள் ஓர் இரவு வண்டியை நிற்கவிட்டு, மறுநாள் இன்னொரு சுற்று எடுங்கள். முதல் நாள் அடங்காத பொடிக் குமிழ்கள் அப்போது வந்துவிடும்.

கை பிரேக்

பிரேக் வேலை முடிந்த களைப்பில் இதை விட்டுவிடுவார்கள். ஒரே வழி உள்ள லாரியில், அந்த வழி போனால் உங்களிடம் மிச்சம் இருப்பது கியரும் இந்தக் கை பிரேக்கும்தான். கேபிளை எண்ணெயிட்டு, லைனிங் பார்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல் ஒழுகி டிரம்மில் ஆயில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியின் முனையில் இருக்கும் திருகைச் சுற்றினால் இறுக்கம் கூடும். சரிவில் நிறுத்தி, வண்டியைத் தாங்குகிறதா என்று கட்டை வைத்தபடியே சோதியுங்கள்.

வசதி இருப்பவர்கள் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் இரண்டு ஏர் பேக்கும் வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனி வழியாகப் பிரித்துவிடுகிறார்கள். அசல் வடிவம் மாறுகிறது என்று சிலருக்கு வருத்தம். பொதுச் சாலையில் அடிக்கடி ஓட்டுபவர் என்றால் அந்த வருத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்யுங்கள் என்பேன்.

சோதனை

முதலில் என்ஜின் ஓடாமல், காற்று இல்லாமல் பெடலை மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். கொஞ்சமும் இறங்கக் கூடாது. பிறகு என்ஜினை ஓட்டி, காற்று நிறைந்ததும் முழுப் பலத்தோடு மிதித்துப் பிடித்தபடி இருங்கள். இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, உலர்ந்த காகிதத்தால் ஒற்றி எடுக்கட்டும். காற்று கொடுக்கும் அழுத்தம் கால் கொடுப்பதைவிடப் பல மடங்கு, பலவீனமான இணைப்பு இப்போதுதான் காட்டிக்கொடுக்கும். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது, ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில், முதல் கியரில், நடை வேகத்தில் பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்தல். பிறகு படிப்படியாக வேகம். ஒரு பக்கம் இழுத்தால் அப்போதே நிறுத்தி அந்த அச்சைத் திரும்பப் பாருங்கள். ஐந்து மைல் ஓட்டிவிட்டு இறங்கி ஆறு டிரம்மிலும் வெப்பமானியைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அது விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. வெப்பமானி இல்லாவிட்டால் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும், தொடாதீர்கள்.

முதல் நூறு மைலுக்குள் புது லைனிங் படிந்து இடைவெளி கூடும், கேம்களை மறுபடி சரிசெய்யுங்கள். சக்கர நட்டுகளையும் அப்போது ஒரு சுற்று இறுக்குங்கள், பின்சக்கரத்தில் வெளி நட்டைத் தளர்த்தி உள் நட்டை இறுக்கிய பிறகே வெளி நட்டை இறுக்க வேண்டும். தரைத் தகட்டைத் தூக்கித் தொட்டியில் ஆயில் அளவைப் பாருங்கள். நிரப்பிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை குறைந்திருந்தாலும், வண்டியை எடுக்காமல் அது எங்கே போனது என்று தேடுங்கள்.